விழியும் சொல்லும்: பார்வைத் திருத்த அறுவைக்கு முன்னும் பின்னும்

சிங்கப்பூர் இளையருள் பத்துப் பேரில் ஏறத்தாழ எண்மருக்குக் கிட்டப்பார்வை உண்டு என்பது நெடுநாளாகக் கூறப்பட்டுவரும் கணக்கு. தொடக்கப்பள்ளியை முடிப்பதற்குள்ளேயே மாணவருள் பெரும்பாலோர் மூக்குக்கண்ணாடி அணியத் தொடங்கிவிடுகின்றனர். ஆகவே, பதினெட்டு வயதைக் கடந்ததும் பலர் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: "லேசர் செய்துகொள்ளலாமா?" பெற்றோர் தயங்குவர், பாட்டி தம் கண்ணில் புரை நீக்கியபோது கேட்ட அறிவுரைகளை நினைவிலிருந்து சொல்வார், நண்பர்கள் "பத்து நிமிடம்தான், மறுநாளே எல்லாம் தெரியும்" என்பர். மூவர் கூற்றிலும் சிறிது உண்மை உண்டு. சிறிது பிழையும் உண்டு.

நாம் மொழியியல் பயின்றோம், மருத்துவம் பயின்றவரல்லோம். எனினும் இப்பொருளைப் பற்றி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கூற நமக்கும் ஒரு பங்கு உண்டு எனக் கருதுகிறோம். இவ்வறுவையில் மருத்துவர் கையில் இருப்பவை சில நிமிடங்களே. அதற்கு முன்னுள்ள வாரங்களும் பின்னுள்ள மாதங்களும் சிகிச்சை பெறுபவரின் பொறுப்பு. அப்பொறுப்பை அவர் நிறைவேற்றுவது தம்மிடம் சொல்லப்பட்ட சொற்களைக் கொண்டே. எதை நிறுத்துவது, எதைத் தொடாதிருப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது, எதற்கு விரைந்து செல்வது என்பனவெல்லாம் சொற்களாகவே அவரை வந்தடைகின்றன. ஒரு சொல்லைப் பிழையாகக் கொண்டால் ஊறு விழிக்கு நேரும்.

திருத்தப்படுவது எது?

முதலிற் குறைபாட்டின் பெயரையே நோக்குவோம். 'கிட்டப்பார்வை' என்றால் கிட்ட உள்ளது தெரியும், தொலைவில் உள்ளது மங்கும் என்பது பொருள். ஆனால் 'கிட்டப்பார்வைக் குறைபாடு' என்று எழுதியவுடன், கிட்டப் பார்ப்பதில் குறை என்று கொள்ளவும் இடம் உண்டாகிறது. முதியோர் சிலர் இதனையே 'தூரப்பார்வை குறைவு' என்பர். அதுவோ 'தூரப்பார்வை' என்னும் எதிர்க் குறைபாட்டின் பெயரோடு மயங்கும். ஆகவே மருத்துவரிடம் பெயரைக் கூறுவதைக் காட்டிலும், "கரும்பலகை மங்குகிறது, புத்தகம் தெளிவாகத் தெரிகிறது" என்று நிலையைக் கூறுவது பாதுகாப்பானது.

கிட்டப்பார்வையிற் பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டிருக்கும். உள்ளே நுழையும் ஒளி விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடும். ஒளியைக் குவிப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைச் செய்வது விழியின் முன்புறத்தேயுள்ள ஒளிபுகும் படலம். அதனைப் பாடநூல்கள் 'விழிவெண்படலம்' என்கின்றன; அது வெண்ணிறம் உடையதன்று, கண்ணாடி போன்றது. நாளேடுகள் 'கருவிழி' என்கின்றன; நாம் கருமையாகக் காண்பதோ அதற்குப் பின்னே உள்ள பகுதி. மருத்துவமனையில் எவரும் கேட்கப்போகும் சொல் 'கார்னியா' என்பதால் இங்கும் அச்சொல்லையே ஆள்கிறோம்.

கார்னியாவின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன் வளைவைச் சிறிது தட்டையாக்கினால் ஒளி பின்னுக்குச் சென்று விழித்திரையிற் குவியும். இதுவே கிட்டப்பார்வைக்கான திருத்தம். நம் நாட்டார் '500 டிகிரி' என்று வழங்குவது 5 டயாப்டர். ஒவ்வொரு நூறு டிகிரிக்கும் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் அளவு திசு அகற்றப்படும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே 500 டிகிரி உடையவர் 60 முதல் 75 மைக்ரான் வரை இழப்பார். கார்னியா இயல்பிலேயே மெலிந்திருப்பவருக்கு இவ்வறுவை மறுக்கப்படுவது ஏன் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இங்கே ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. நீண்ட விழிக்கோளம் நீண்டபடியே இருக்கும். கண்ணாடி தேவையற்றுப் போகலாம்; விழியின் இயல்பு மாறுவதில்லை. மிகுந்த கிட்டப்பார்வை உடையோர்க்கு விழித்திரை கிழியவோ விலகவோ கூடிய வாய்ப்பு அறுவைக்குப் பின்னும் தொடர்கிறது. 'குணமாயிற்று' என்று நம்புபவர் விழித்திரைச் சோதனையை விட்டுவிடுவார். 'திருத்தம்' என்று அறிந்தவர் தொடர்ந்து செல்வார். கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் எழுதியவரை மாற்றுவதில்லை. எழுத்தைச் செம்மை செய்கிறார். 'பார்வைத் திருத்தம்' என்னும் தொடர் அவ்வகையில் மிகப் பொருத்தமானது.

இக்கலையின் வரலாற்றிலே நமக்குப் பெருமை தரும் பெயரொன்று உண்டு. 1929இல் சென்னையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய வேதியியல் அறிஞர் ரங்கசாமி சீனிவாசன் 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டின்மீது எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அப்புறவூதா ஒளி, சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல், பட்ட இடத்தை மட்டும் நுண்ணளவாக அகற்றியது. அவரும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோரும் கண்ட இவ்வுண்மையே பின்னர்க் கார்னியா அறுவைக்கு வழி திறந்தது. ஆதலால் 'கண்ணைச் சுடுவார்கள்' என்று சிலர் கூறுவது பொருந்தாது. இவ்வொளி மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கிறது. சூட்டுக்கோல் போற் பொசுக்குவதில்லை.

இன்று பெருவழக்கில் உள்ளவை மூன்று முறைகள். பி.ஆர்.கே. முறையில் கார்னியாவின் மேற்றோல் அகற்றப்பட்டு, வெளிப்பரப்பின்மீதே லேசர் செலுத்தப்படும். லேசிக் முறையில் மெல்லிய மடல் ஒன்று வெட்டித் திறக்கப்பட்டு, உள்ளே திருத்தம் செய்யப்பட்டு, மடல் மீண்டும் மூடப்படும். காது மடல் ஒரு பக்கம் ஒட்டியிருப்பதைப் போல இம்மடலும் ஒரு விளிம்பில் ஒட்டியே இருக்கும், தையல் இல்லை. ஸ்மைல் முறையில் மடல் கிடையாது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு கீறலின் வழியே உள்ளிருந்து மெல்லிய வில்லை போன்ற திசு வெளியே எடுக்கப்படும். மூன்றையும் மக்கள் 'லேசர்' என்றே சொல்கின்றனர். நீரிழிவால் விழித்திரையிற் செய்யப்படும் சிகிச்சையும், கண் அழுத்தத்துக்குச் செய்யப்படும் சிகிச்சையும் 'லேசர்'தான். ஒருவர் பெற்ற அறிவுரை மற்றவருக்குப் பொருந்தாமற் போவதற்கு இந்த ஒரு சொல்லே காரணமாகிறது.

அறுவைக்கு முன்: கண்ணை அதன் இயல்புக்கு விடுதல்

ஆயத்தத்தின் முதற்படி தகுதியை அறிதல். வயது பதினெட்டேனும் நிறைந்திருக்க வேண்டும். சில மருத்துவமனைகள் இருபத்தொன்றை விரும்புகின்றன. கடந்த ஓராண்டிற் கண்ணாடியின் அளவு பெரிதும் மாறாதிருக்க வேண்டும். இன்று 400 டிகிரியைத் திருத்திய பின் கிட்டப்பார்வை வளர்ந்துகொண்டே சென்றால் மறுபடியும் கண்ணாடி வந்துவிடும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும் காலத்தும் அளவுகள் மாறக்கூடுமாதலால் தள்ளிப்போடுவர். கார்னியா கூம்பாகப் புடைக்கும் நோய் உடையோர்க்கு இவ்வறுவை ஆகாது. குடும்பத்தில் எவர்க்கேனும் அந்நோய் இருந்தாற் கூறிவிட வேண்டும். மிகுந்த கண் உலர்வு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய், கட்டுக்கடங்காத நீரிழிவு ஆகியவையும் தடையாகலாம். இளையர் மறைக்கவோ மறக்கவோ கூடிய ஒன்று, முகப்பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை. அது கண்ணை உலர்த்துவது. 'முகப்பருவுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?' என்று எண்ணிச் சொல்லாது விடலாகாது.

இரண்டாம் படி காண்டாக்ட் லென்ஸை நிறுத்துதல். கார்னியாவின்மேல் நாள்தோறும் அமர்ந்திருக்கும் லென்ஸ் அதன் வடிவத்தைச் சிறிது மாற்றிவிடுகிறது. அந்நிலையில் எடுக்கும் அளவு கண்ணின் மெய்யளவன்று. ஆகவே மென்லென்ஸ் அணிபவர் இரண்டு வாரங்களும், காற்றுப்புகும் கடினலென்ஸ் அணிபவர் மூன்று வாரங்களும் கண்ணாடிக்கு மாறியிருக்க வேண்டும் என்பது பலர் கூறும் அளவு. இக்காலம் *அறுவைக்கு* முன் என்று கொள்வோர் உளர்; அது *முதல் அளவெடுப்புக்கே* முன் தேவையானது. 'முன்' என்னும் ஓர் இடைச்சொல் எதனோடு சேர்கிறது என்பதைக் கேட்டறிவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாம் படி கேட்டல். "டாக்டர் சொன்னாற் சரி" என்று தலையசைப்பது நம்மவர் பண்பு. அது மரியாதையின் வெளிப்பாடே. ஆயினும் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகாது. என் கார்னியாவின் தடிப்பு எவ்வளவு? திருத்தத்துக்குப் பின் எவ்வளவு எஞ்சும்? மூன்று முறைகளுள் இதனை எனக்கு ஏன் தேர்ந்தீர்கள்? இரவில் வாகனம் ஓட்டுவது என் தொழில், பாதிப்பு உண்டா? எஞ்சிய அளவுக்கு மறுமுறை செய்ய வேண்டி வந்தால் என் கார்னியா இடந்தருமா? இவற்றைத் தாளில் எழுதிச் செல்வது நன்று. தேசிய சேவைக்குச் செல்லவிருப்போரும், பார்வைத்தகுதி வேண்டப்படும் பணிகளை நாடுவோரும், உரிய அதிகாரிகளிடம் முன்னரே விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

நான்காவது, அளவுகளின் படியொன்றைக் கேட்டுப் பெற்று வைத்திருத்தல். இன்று இருபது வயதினருக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். அறுபது வயதிற் கண்புரை வந்து செயற்கை வில்லை பொருத்தும்போது, வில்லையின் வலிமையைக் கணக்கிடும் மருத்துவருக்கு அறுவைக்கு முந்தைய கார்னியா அளவு பெருந்துணை செய்யும். நாற்பது ஆண்டுக்குப் பின் வரும் மருத்துவருக்கு நாம் விட்டுச்செல்லும் கடிதம் அது எனலாம்.

அறுவைக்கு முந்தைய நாள் முதல் முகப்பூச்சு, நறுமணத் தைலம், கண்மை ஆகியவற்றை விலக்க வேண்டும். இமையோரத்தில் தங்கும் மை தொற்றுக்கு இடமாகலாம். வீட்டுக்கு அழைத்துச்செல்ல ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

அந்தச் சில நிமிடங்கள்

மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து இடப்படும், ஊசி இல்லை. இமைகள் கருவியால் விலக்கி நிறுத்தப்படுவதால், கண்ணை இமைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. லேசிக்கில் மடல் அமைக்கும்போது கண்ணை ஒரு வளையம் பற்றியிழுக்கும். அழுத்தம் தெரியும், பார்வை சிறிது நேரம் இருளும். பிறகு ஓர் ஒளிப்புள்ளியை நோக்கச் சொல்வர். எக்சைமர் ஒளி செல்லும்போது முடி கருகுவது போன்ற நாற்றம் எழக்கூடும்; அகற்றப்படும் திசுவின் நாற்றம் அது. முன்னரே அறிந்திருப்பவர் அசைய மாட்டார். அறியாதவர், "கண் எரிகிறது போலும்" என்று திடுக்கிட்டுத் தலையை அசைக்கக்கூடும்.

பின்: பத்தியம் கைக்கும் நீருக்கும்

எந்த மருத்துவத்துக்குப் பின்னும் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, "பத்தியம் உண்டா?" என்பது. கத்தரிக்காய் ஆகுமா, மீன் ஆகுமா என்று வினவுவர். இவ்வறுவைக்கு நாவிற் பத்தியம் இல்லை. பத்தியம் கைக்கும் நீருக்கும்தான்.

கைக்குப் பத்தியம் என்பது கண்ணைத் தேய்க்காதிருத்தல். முதல் சில மணி நேரம் எரிச்சலும் நீர்வடிதலும் இருக்கும். வீட்டுக்குச் சென்று கண்மூடி உறங்குவதே நல்லது. தூக்கத்திற் கை தன்னையறியாமற் கண்ணுக்குச் செல்லும் என்பதால் இரவில் கண்கவசம் அணியச் சொல்வர். லேசிக்கின் மடல் தையலின்றித் தானே ஒட்டியிருப்பது. தொடக்க நாட்களில் அழுத்தித் தேய்த்தால் அது நகர்ந்துவிடலாம். பலத்த அடிபட்டால் ஆண்டுகள் கழித்தும் நகரக்கூடும். எனவே உடல் மோதும் விளையாட்டுகளை நான்கு வாரமேனும் தவிர்க்க வேண்டும். சிலம்பம், கபடி ஆடும் மாணவர் தம் விளையாட்டின் பெயரைக் கூறியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். 'விளையாடலாமா?' என்ற பொதுக்கேள்விக்குப் பொதுவிடையே கிடைக்கும்.

நீருக்குப் பத்தியம் சற்று நுட்பமானது. ஆங்கிலத்தில் 'ஷவர்' என்பதைத் தமிழிற் 'குளிக்கலாம்' என்று மட்டும் பெயர்த்தால் குழப்பம் விளையும். நம் வழக்கில் உடம்புக்குக் குளிப்பது வேறு, தலைக்குக் குளிப்பது வேறு, எண்ணெய் தேய்த்து முழுகுவது முற்றிலும் வேறு. "கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், முகத்தை ஈரத்துணியால் கண்ணை விலக்கித் துடைக்கலாம், தலைக்கு ஊற்றுவதும் எண்ணெய் முழுக்கும் மருத்துவர் சொல்லும் வரை வேண்டா" என்று விரித்துச் சொன்னாலே பொருள் முழுமையாகும். நீச்சற்குளமும் கடலும் ஒரு மாதம் முதல் இரு மாதம் வரை ஆகா. நெற்றியில் இடும் திருநீறு துகளாகக் கண்ணில் உதிரலாம். சாம்பிராணிப் புகை உறுத்தலாம். அந்நாட்களில் இவற்றினின்றும் சற்று விலகியிருப்பது நன்று. கண்மை போன்ற ஒப்பனைக்கு இரு வாரம் காத்திருக்க வேண்டும். நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் என அன்போடு கூறப்படும் கைவைத்தியங்களுள் எதுவும் புதுப்புண்ணுள்ள கண்ணிற் படலாகாது.

சொட்டு மருந்துகள் பலவகை: கிருமியைத் தடுப்பது ஒன்று, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஒன்று, உலர்வைப் போக்கும் செயற்கைக் கண்ணீர் ஒன்று. இங்கேயும் ஒரு சொல் கண்ணி வைக்கிறது. 'நான்கு வேளை' என்றால் நாளுக்கு நான்கு முறை. 'நான்கு மணிக்கு ஒருமுறை' என்றால் ஒரு நாளைக்கு ஆறு முறை. நமக்கோ காலை, பகல், இரவு என வேளை மூன்றே. நான்காவது வேளை பழக்கத்தில் இல்லை, மறந்துபோகும். "காலை 8, நண்பகல் 12, மாலை 4, இரவு 8" என்று கடிகாரத்தைக் காட்டி எழுதிவிட்டால் ஐயமில்லை. இரு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். இல்லையேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். கண் தெளிந்துவிட்டது என்று ஸ்டீராய்டைத் தாமே நிறுத்துவதும், நன்றாக இருக்கிறது என்று தாமே நீட்டிப்பதும் தவறு. நீட்டித்தால் கண்ணின் உள்ளழுத்தம் உயரக்கூடும்.

வலியும் உறுத்தலும்

தமிழ் இவ்விடத்தில் நமக்குப் பெருஞ்செல்வத்தை வைத்திருக்கிறது. மணல் விழுந்தது போன்றிருப்பது *உறுத்தல்*. மிளகாய் பட்டது போன்றிருப்பது *எரிச்சல்*. தேய்க்கத் தூண்டுவது *அரிப்பு*. ஒளியைக் காணப் பொறாமை *கூச்சம்*. ஆழ்ந்து துன்புறுத்துவது *வலி*. ஊசிபோல் வந்து போவது *குத்தல்*. லேசிக்குப் பின் முதல் நாளில் உறுத்தலும் எரிச்சலும் கூச்சமும் எதிர்பார்க்கத்தக்கவை. பி.ஆர்.கே. செய்துகொண்டவருக்கு மேற்றோல் மீண்டும் வளரும் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை வலியும் இருக்கும். அதனாலேயே கட்டு போன்ற ஒரு லென்ஸை அணிவிப்பர்.

ஆனால் குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது, தெளிந்துவந்த பார்வை திரும்ப மங்குவது, சிவப்பு மிகுவது, சீழ் போன்று வடிவது, கண்ணில் அடிபடுவது ஆகியவற்றுள் ஒன்று நேரினும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராது அன்றே மருத்துவரை அணுக வேண்டும். ஆண்டுகள் கழித்தும், திடீரென மின்னல் போல் ஒளி தோன்றினாலோ, கரும்புள்ளிகள் திரளாகப் பறந்தாலோ, திரை விழுந்தது போலிருந்தாலோ விழித்திரையைப் பற்றிய எச்சரிக்கை எனக் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் 'வலி' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிட்டால் இரு பக்கமும் தீங்குண்டு. உறுத்தலை வலி என்பவர் வீணே அஞ்சுவார். வலியை உறுத்தல் என்று தாழ்த்திச் சொல்பவர் காலந்தாழ்த்துவார். 'பக்க விளைவு' என்ற தொடரிலும் இதே இடர் உண்டு. எதிர்பார்த்துப் பொறுக்க வேண்டியதும், எதிர்பாராது வந்து உடனே தீர்க்க வேண்டியதும் அத்தொடரில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முன்னதைப் 'பக்க விளைவு' என்றும், பின்னதைச் 'சிக்கல்' என்றும் பிரித்து வழங்குவது நன்று.

தெளிவுக்குக் காலம்

லேசிக் செய்துகொண்டவர் பலர் ஓரிரு நாளில் அன்றாட வேலைக்குத் திரும்புவர், பி.ஆர்.கே.க்கு ஒரு வாரமேனும் ஆகும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நடைபெறும் சோதனையைத் தவறவிடலாகாது. மருத்துவர் ஒப்பும் வரை வாகனம் ஓட்டலாகாது. ஆயினும் பார்வை முழுதும் நிலைபெற மூன்று முதல் ஆறு மாதம் வரை செல்லலாம். அதுவரை கண் உலர்வு, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், எதிர்வரும் வாகன ஒளியிற் கண்கூசல் ஆகியவை இருக்கலாம். பெரும்பாலோர்க்கு இவை குறையும், சிலர்க்கு நீடிக்கும். 'தெளிதல்' என்னும் வினை இதற்கு மிகவும் ஏற்றது. கலங்கிய நீர் ஒரு நொடியில் தெளிவதில்லை. கலக்காமல் விட்டால் தானே தெளியும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இவ்வறுவையை வைத்துக்கொள்ளாமல் ஆண்டிறுதி விடுமுறையைத் தேர்வது இதனாற் சிறந்தது.

நாற்பதைக் கடந்தபின் வரும் *வெள்ளெழுத்து* வேறொன்று. கண்ணின் உள்வில்லை நெகிழ்வை இழப்பதால் வருவது அது. மராத்தி மொழியார் நாற்பதைக் குறிக்கும் 'சாளிசீ' என்ற சொல்லாலேயே அதனை அழைப்பர். கார்னியாவிற் செய்த திருத்தம் அதனைத் தடுக்காது. "கண்ணாடியே வேண்டாம்" என்று இருபதில் கேட்ட உறுதிமொழி, "தொலைவைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாதிருக்கலாம்" என்றே இருந்திருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

நம் மாணவர் பலர் வீட்டில் மொழிபெயர்ப்பாளராக இருக்கின்றனர். மருத்துவமனையில் ஆங்கிலத்திற் கேட்பதைத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்பவர்கள் அவர்களே. தமக்குரிய அறுவையைப் பற்றிப் பெற்றோரிடம் தமிழில் விளக்க வேண்டியவர்களும் அவர்களே. ஆகவே ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். ஆங்கிலத்திலுள்ள ஒரு கண்மருத்துவ அறிவுரைத் தாளை எடுத்து, குழுக்களாகப் பிரித்து, வீட்டிலுள்ள முதியவருக்கு விளங்குமாறு தமிழில் எழுதச் சொல்லலாம். பிறகு ஒரு குழு எழுதியதை மற்றொரு குழு படித்து, 'என்ன செய்வேன், எப்போது செய்வேன், எதைச் செய்ய மாட்டேன்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது மூலத்தோடு ஒத்தால் மொழிபெயர்ப்பு நன்று. ஒவ்வாவிடில் எந்தச் சொல் வழிதவறச் செய்தது எனத் தேட வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் செய்யும் இம்முறை மருத்துவமனைகளிலும் கையாளப்படுவதே.

இப்பயிற்சியில் மாணவர் 'கார்னியா'வுக்குத் தூயதமிழ்ச் சொல் தெரியவில்லை என்று வருந்தத் தேவையில்லை. அச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, தேய்க்காதே, நனைக்காதே, இத்தனை மணிக்கு இடு, இது கண்டால் ஓடிவா என்னும் வினைகளை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லக் கற்றால் போதும். பாட்டியின் கண்ணையும் தம் கண்ணையும் அவ்வினைகளே காக்கும்.